ஆள் தேவைப்படாத படகு

கோமதிநாயகம் பதினெட்டு அடி நீளத்தில் ஒரு பாய்ப் படகு கட்டி முடித்துவிட்டு, அதில் தன்னந்தனியாகச் சீஷெல்ஸ் தீவு வரைக்கும் போகப்போவதாக ஒற்றைக் காலில் நின்றார். பதினெட்டு அடி என்றால் எவ்வளவு என்று தெரியாமல் கேட்டவர்களுக்கு அவர் மனைவி காந்திமதி ஒரு பதில் வைத்திருந்தாள்.

"எங்க வீட்டு ஹாலவிட ரெண்டடி கம்மி."

அவருக்கு வயது ஐம்பத்தாறு. முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்தவர், கடைசி ஒன்பது வருடம் சீஃப் இன்ஜினீயர். அவர் தாண்டாத கடல் கிடையாது. தாண்டியதெல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழே, எஞ்சின் அறையில், காதை அடைத்துக்கொண்டுதான். பணி ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் இது அவருக்கு உறைத்தது. உறைத்த அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

"முப்பத்தோரு வருசம் கடல்ல இருந்திருக்கேன். ஒரு நாள்கூடக் கடல் தண்ணியில கை வச்சதில்ல டீச்சர்" என்றுதான் ஜெசிந்தாவிடம் போய் நின்றார்.

ஜெசிந்தா அதே ஊரில் திரேஸ்புரத்து மீனவக் குடும்பத்துப் பெண். வயது முப்பத்து நாலு. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஐந்து வருடத்துக்கு முன்னால், இதைவிடவும் சின்னப் படகில், ஒரே ஆளாக இருபத்தொன்பது நாளில் அதே தீவுக்குப் போய்ச் சேர்ந்தவள். திரும்பி வந்தபோது ஊரே திரண்டு மாலை போட்டது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் காலை பிள்ளைகளுக்கு டிரில் எடுக்கப் போய்விட்டாள். தன்னைவிட இருபத்திரண்டு வயது குறைந்தவளைக் குருவாக நினைப்பது கோமதிநாயகத்துக்கு முதல் மாதம் கொஞ்சம் கசந்தது. அவள் ஒரு நாள் அவர் கயிற்றில் போட்ட முடிச்சுகள் பதினொன்றையும் ஒரே இழுப்பில் அவிழ்த்துக் காட்டினாள். அதோடு கசப்பு போயிற்று.

பதினான்கு மாதம் கற்றுக்கொண்டார். படகும் முடிந்தது. பாக்கி இருந்தது ஒரு வார்த்தைதான். காந்திமதி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அந்த டீச்சரம்மா தன் வாயால 'போங்க'ன்னு சொல்லட்டும். பெறவு நான் குறுக்க நிக்கல. அவ சொல்லாம நீங்க காலெடுத்து வச்சா, நான் வாசப்படியில குறுக்க படுத்துக்கிடுவேன்."

தோதான காற்று பிப்ரவரி கடைசி வரைக்கும்தான். அதை விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஒரு வருடத்தில் தன் முழங்கால் என்ன ஆகும் என்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். அந்த ஒற்றை வார்த்தைக்காக அவர் ஜெசிந்தாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் வாயைத் திறக்கிற வழியாக இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் பாய்த்துணி தைத்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இவ்வளவு சின்னப் படகுல அவ்வளவு பெரிய கடலத் தாண்டுறதுல, மெய்யான ஆபத்து எது?"

"நீங்க எதுன்னு நெனைக்கீங்க?"

"பெரிய கப்பல் வந்து மோதுறது."

"அதுக்கு?"

"அலாரம் வச்சிருக்கேன். மூணு மைலுக்குள்ள கப்பல் வந்தா அடிக்கும்."

"வேற?"

"அடியில தண்ணி ஏறுறது. அதுக்கு ஒரு அலாரம். திசை மாறினா ஒண்ணு. பேட்டரி இறங்கினா ஒண்ணு. காத்து கூடிட்டா ஒண்ணு. மொத்தம் அஞ்சு."

"அஞ்சும் நல்லாக் கேக்குமா?"

"செத்தவன் எந்திரிச்சு உக்காருவான்."

ஜெசிந்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீங்க கேட்டதுக்குக் கடல்ல வச்சுச் சொல்லுதேன். காலையில வாங்க."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். முயல் தீவைத் தாண்டியதும் வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து சீராகக் கிடைத்தது. படகு தென்கிழக்கே திரும்பி ஓட ஆரம்பித்தது. ஒன்பதரை மணிக்குத் துறைமுகத்துக் கிரேன்கள் மறைந்துவிட்டன. தெர்மல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் மட்டும் அடிவானத்தில் குச்சி குச்சியாகத் தெரிந்தன. அக்கம்பக்கத்தில் ஒரு வள்ளம்கூட இல்லை.

கோமதிநாயகம் படகின் விளிம்பில் குப்புறச் சாய்ந்து கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தார். விரல் இடுக்கில் கடல் ஓடியது. பத்துமாடிக் கட்டிடம் மாதிரிக் கப்பல்களில் போனபோது எங்கோ கீழே கிடந்த சமாசாரம், இப்போது முழங்கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பெரிய மனிதர் என்பதை மறந்து நாலைந்து தடவை தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

ஜெசிந்தா மிதவைச் சட்டையின் வார்களை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"இந்தக் காத்துக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம்?"

"பழக்கம்" என்றாள். பிறகு படகின் பின்பக்கத்தைக் காட்டி, "இதுவா நீங்க செஞ்சது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே அவர் ஒரு வாரமாகக் காத்திருந்தார். பின்பக்கத்தில் ஒரு மெல்லிய பலகை நெட்டுக்குத்தாக நின்றது. காற்றுக்கும் படகுக்கும் உள்ள கோணம் மாறினால் பலகை சாயும். பலகை சாய்ந்தால் சுக்கான் திரும்பும். படகு தன் வழிக்குத் தானே வந்துவிடும். தனியாகக் கடல் போகிற எல்லோரும் இப்படி ஒன்று வைத்திருப்பார்கள். ஆனால் மற்றவர்கள் அதைச் சுக்கானோடு கயிற்றால்தான் பிணைப்பார்கள். கோமதிநாயகம் எஞ்சின் அறைக்காரர். கயிற்றை நம்புவாரா? எவர்சில்வர் தண்டு போட்டு, நாலு போல்ட்டு முடுக்கி, நட்டு தளராதபடி மேலே இன்னொரு நட்டும் போட்டிருந்தார்.

"சுக்கான ஆள் தொடவே வேண்டாமா?"

"ஆள் தொட்டாத்தான் டீச்சர் கெடும்." அவருக்குக் குரல் ஏறிவிட்டது. "கப்பல்ல என் எஞ்சின் ராத்திரி பூரா ஆளில்லாமலே ஓடும். எட்டு மணி நேரம் ஒரு மனுசன் உள்ள போக மாட்டான். ஏதாவது பிசகினா என் ரூமுல மணி அடிக்கும். மணி அடிக்கலன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். இந்தப் படகும் அப்படித்தான். நான் தூங்கலாம், புஸ்தகம் படிக்கலாம், அது பாட்டுக்குப் போகும்."

"நீங்க இல்லன்னாலும் போகும்."

"போகும்! அதுதான் வேலைப்பாடு."

ஜெசிந்தா தலையாட்டினாள். "சரி, உள்ள போயி அலாரம் அஞ்சையும் ஒண்ணொண்ணா அடிச்சுப் பாத்துட்டு வாங்க. அவசரமில்ல."

பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அவர் குனிந்து அறைக்குள் போனார். பெயர்தான் அறை, நிமிர்ந்து நிற்க முடியாது. மண்டியிட்டுக்கொண்டு முதல் அலாரத்தை அடிக்கவிட்டார். காது கிழிந்தது. நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் 9.40 என்று நேரத்தைக் குறித்தார். இரண்டாவதில் ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி அடிக்கவிட்டார். ஐந்தையும் முடித்துக் கடைசியில் 9.58 என்று எழுதினார். ஐந்துக்கு ஐந்து. இதைக் கேட்டாவது அந்த வார்த்தையைச் சொல்லிவிட மாட்டாளா என்று நினைத்துக்கொண்டே தலையை வெளியே நீட்டினார்.

"டீச்சர், அஞ்சும்..."

படகில் யாரும் இல்லை.

முன்பக்கம் போயிருப்பாள் என்று எட்டிப் பார்த்தார். இல்லை. பாய்க்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கேயும் இல்லை. ஹாலைவிட இரண்டடி குறைந்த இடத்தில் ஒரு ஆள் ஒளிந்துகொள்ள எங்கே வசதி? அவர் ஒரே இடத்தை மூன்று தடவை பார்த்தார். 

பாய் புடைத்திருந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சலசலவென்று ஓடியது. பின்பக்கத்துப் பலகை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் சாய்ந்து படகை நூல் பிடித்தாற்போல் நடத்திக்கொண்டிருந்தது. ஐந்து அலாரமும் வாய் மூடிக் கிடந்தன. அவற்றைப் பொறுத்தவரை எல்லாம் நல்லபடியாக இருந்தது.

"டீச்சர்!"

அந்தக் கூப்பாடு படகின் நீளத்தைத் தாண்டியதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

பாய்ந்து போய்ச் சுக்கானைப் பிடித்துத் திருப்பினார். திரும்பவில்லை. பலமெல்லாம் கொடுத்து இழுத்தார். பலகை அவரைப் பிடித்துத் தள்ளியது. நாலு போல்ட்டு, எட்டு நட்டு. ஸ்பேனர் அதற்கென்று வைத்த இடத்தில் அழகாக இருந்தது. எடுத்து முதல் நட்டில் வைத்தார், முறுக்கிய வேகத்தில் ஸ்பேனர் வழுக்கிக் கடலில் விழுந்தது. ஒரு கணம் அது விழுந்த இடத்தையே பார்த்தார். அந்த இடமும் அதற்குள் பின்னால் போய்விட்டிருந்தது.

அப்போதுதான் பாய்க் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்ற புத்தி வந்தது. அவிழ்த்ததும் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு நின்றது. வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தினார். எந்தச் சேனலில் கத்தினோம் என்று பிறகு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. பதிலும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து இன்னொரு ஸ்பேனரைத் தேடி எடுத்தார். எட்டு நட்டையும் கழற்றி, ஆசை ஆசையாகச் செய்த அந்தத் தண்டைக் காலால் உதைத்துக் கடலில் தள்ளினார்.

பெரிய கப்பலில் ஒரு ஆள் விழுந்தால் சங்கு ஊதும். கப்பலில் இருக்கிற இருபத்திரண்டு பேரும் மேல்தளத்துக்கு ஓடி வருவார்கள். ஒருவன் விழுந்தவனைக் கையால் காட்டிக்கொண்டே நிற்பான், கண்ணை எடுக்க மாட்டான். அதுதான் அவன் வேலை. இங்கே காட்டுவதற்கு யார்? ஓட்டுவதற்கும் தேடுவதற்கும் அழுவதற்கும் சேர்த்து ஒரே ஆள்.

வந்த வழியே வடமேற்கே திருப்பினார். 9.40-லிருந்து 9.58-க்குள் எந்த நிமிடத்தில் போனாள்? பதினெட்டு நிமிடம் என்றால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நீரோட்டம் தெற்கே இழுக்கும். அதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். அலை ஒன்றும் பிரமாதமில்லை, இடுப்பளவுதான். ஆனால் தண்ணீருக்கு மேலே தெரிவது ஒரு தலை. தேங்காய் அளவு. இடுப்பளவு அலை ஒரு தேங்காயை மறைத்துவிடும் என்பது, முப்பத்தோரு வருடத்தில் அவருக்குத் தேவைப்படாத விஷயமாக இருந்தது.

"செந்தூர் முருகா" என்று கூப்பிட்டார். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவளாயிற்றே என்று பனிமய மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டார். அவளுடைய அம்மா முகம் நினைவுக்கு வந்தது. போன வாரம்தான் அந்த அம்மாள் அவருக்குக் கணவாய் மீன் குழம்பு கொடுத்துவிட்டிருந்தாள். கிண்ணத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது? நான் அலாரம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா? 

சுக்கானைக் காலால் மிதித்துக்கொண்டு, பாய்மரத்தைத் தாங்கி நின்ற கம்பியைப் பிடித்து எழுந்து நின்று பார்த்தார். நுரை, வெயில், மறுபடி நுரை. கண் கூசித் தண்ணீர் கொட்டியது. துடைத்தால் அந்த நொடியில் தவறிவிடுவாளோ என்று துடைக்காமலே பார்த்தார்.

அரைமணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. தாண்டிப் போய்விட்டோம் என்று முடிவுகட்டி அவர் படகைத் திருப்பப் போன நேரத்தில், காற்று வீசிய பக்கத்திலிருந்து மெலிசாக ஒரு விசில் வந்தது. ஒரு துளி ஆரஞ்சு நிறம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. கோமதிநாயகம் வாய்விட்டுக் கதறிவிட்டார்.

கிட்டப் போன பிறகும் துன்பம் தீரவில்லை. படகின் பக்கத்தை அவர் ஆறு வாரம் உட்கார்ந்து மெருகேற்றியிருந்தார். வழவழவென்று இருந்தது. கீழேயிருந்து பற்றி ஏற ஒரு படியில்லை, ஒரு பிடியில்லை. அவள் நீட்டிய கை இரண்டு தடவை வழுக்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் கயிற்றில் ஒரு வளையம் போட்டு அக்குளுக்கு அடியில் மாட்டச் சொல்லி, பாய் இழுக்கிற உருளையில் சுற்றி, அங்குலம் அங்குலமாக ஏற்றினார். அவள் தளத்தில் விழுந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் வாயில் 'உனக்கு' வந்தது. "எப்படி விழுந்த?"

"விழல சார். எறங்கினேன்."

அவருக்குக் காதில் விழுந்தது மண்டைக்குள் ஏறவில்லை.

"எறங்கினியா? பின்னால வேற வள்ளம் எதும் வரச் சொல்லியிருந்தியா?"

"இல்ல."

"நான் பாக்காமப் போயிருந்தா?"

 குளிரில் அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டார்.  பயம் இன்னும் இறங்கவே இல்லை. பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தபோது பாதி வெளியே சிந்தியது.

"ஒரு சத்தமாவது போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டேன். மூணு தடவ உங்க பேரச் சொல்லிக் கத்துனேன். உள்ள அலாரம் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

அவர் உட்கார்ந்துவிட்டார். படகு பாயில்லாமல் அலையில் சும்மா ஆடியது.

பழைய மரியாதைக்கு இறங்கி வந்து கேட்டார். "இத வாயால சொன்னா ஆகாதா டீச்சர்?"

"சொல்லியிருக்கேன். ஒரு காலேஜ்ல கூப்பிட்டிருந்தாங்க. மேடையில வச்சுச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கை தட்டுனாங்க."

"நீங்க என்னத்தச் சொன்னீங்க?"

"பதினேழாவது நாள் நான் கடல்ல விழுந்தத."

கோமதிநாயகம் நிமிர்ந்தார். அவளைப் பற்றிப் பேப்பரில் வந்த அத்தனையையும் வெட்டி ஒட்டி வைத்திருப்பவர் அவர். அந்த இருபத்தொன்பது நாளும் அவருக்கு மனப்பாடம். எதிலும் இது இல்லை.

"இடுப்புல கயிறு கட்டியிருப்பீங்களே?"

"கட்டியிருந்தேன். படகுல ஒரு வளையத்துல இருந்து கயித்தக் கழத்தி அடுத்த வளையத்துல மாட்டப் போனேன். அதுக்கு நடுவுல போயிட்டேன்."

"படகு?"

"அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு உங்க படகு போன மாதிரியேதான். நாம இருக்கிற படகு போறத நாம எங்க பாக்கப் போறோம் சார்? அன்னைக்குத்தான் வெளிய கெடந்து பாத்தேன். அவ்வளவு அழகு. கண்ண எடுக்க முடியல."

அவள் டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கோமதிநாயகம் அவளையே பார்த்தார். நடுக்கடல், நூற்றுக்கணக்கான மைலுக்கு ஆள் கிடையாது, தேடி வர ஒருவரும் இல்லை. ஆனாலும் இதோ எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. தன் பயணமே அந்த ஒரு பதிலில் தொங்குவது போல, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பெறவு எப்படி டீச்சர் படகப் புடிச்சீங்க?"

"நான் எங்க சார் புடிச்சேன்? காத்து நின்னுச்சு."